பால் சேராத ஐஸ்கிரீம் - வீட்டிலேயே செய்யும் முறை

சங்க விழாவானாலும் சரி, எங்கள் லேபர் கேம்ப் சந்துகளில் நடக்கும் பிறந்தநாள் விருந்தானாலும் சரி, கடைசியில் ஐஸ்கிரீம் கப் வரும்போது கையை நீட்டாமல் ஓரமாக நிற்கும் குழந்தை ஒன்றாவது இருக்கும். "அவனுக்குப் பால் ஒத்துக்காது" என்று தாயார் சொல்வார். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாதுக்கா, பாவம், கொடுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் வற்புறுத்துவார். என் மகன் வழிப் பேத்திக்கும் இதே நிலைதான். கைக்குழந்தையாக இருந்தபோதே பால் அலர்ஜி என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார். இப்போது ஏழு வயது. மற்ற பிள்ளைகள் கப்பை வழித்து நக்கும்போது இவள் ஒரு பொட்டலம் சிப்ஸை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

நான் சமையற்காரன் அல்லன். இயந்திரவியலில் டிப்ளமா முடித்து, ரயில் பெட்டிகளின் குளிர்சாதனப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். "குளிரைக் காட்டித்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினீங்க, இந்தப் பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் பண்ணிக் கொடுக்க முடியாதா?" என்று என் துணைவியார் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், மிஷின் எதுவும் வாங்காமல், ஒரு வாளியும் ஒரு எவர்சில்வர் தூக்கும் வைத்து நாங்கள் செய்துவரும் முறையை, அதன் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால் அவரவர் வீட்டு வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாமை இரண்டு வகை. பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலக மக்களில் பெரும்பாலோர் இப்படித்தான். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவர்களுக்கு வயிறு உப்புசம், பேதி ஆகியவை வரும். உயிருக்கு ஆபத்து இல்லை. தயிர், மோர் ஓரளவு தாங்கும். இரண்டாவது வகை அலர்ஜி. இது பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல்கூட வரும். இவர்களுக்கு "ஒரு வாய்" என்ற பேச்சே கூடாது. லாக்டோஸ் நீக்கிய பால் என்று கடையில் விற்பதும் இவர்களுக்கு ஆகாது; அதில் புரதம் அப்படியே இருக்கிறது. எருமைப் பால், ஆட்டுப் பால் என்று மாற்றிக் கொடுப்பதும் வீண், ஏனென்றால் புரதங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை. எந்த வகை என்று மருத்துவரிடம் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் பேச வேண்டும். மூச்சுத் திணறல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே சயான் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு ஓட வேண்டும்.

"ஃப்ரோசன் டெசர்ட் என்று எழுதியிருந்தால் பால் இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஐஸ்கிரீம் என்றால் கொழுப்பு பாலிலிருந்து வர வேண்டும். சாதாரண ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்று பெயர். ஆனால் அதிலும் பால் பவுடர் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறது. இந்தப் பெயர் விவகாரம் 2017ல் நம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. அமுல் விளம்பரத்தை எதிர்த்து ஹிந்துஸ்தான் யூனிலீவர் தொடுத்த வழக்கு அது. பெரிய கம்பெனிகளின் சண்டை நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியல். பால் திடப்பொருள், வே, கேசீன், லாக்டோஸ் என்ற சொற்களில் எது இருந்தாலும் அது பால்தான். பச்சைப் புள்ளியை நம்பக் கூடாது. பச்சை என்றால் சைவம், அவ்வளவுதான். சைவத்தில் பாலும் நெய்யும் அடக்கம். 2022ல் வீகன் உணவுக்கெனத் தனி விதிமுறையும் முத்திரையும் வந்திருக்கின்றன. அந்த முத்திரை உள்ள ஐஸ்கிரீம் கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டால் நாம் அலர்ஜி இல்லாமலேயே விலகி நின்றுவிடுவோம்.

ஐஸ்கிரீமை ஐஸ்கிரீம் ஆக்குவது எது?

பால் அல்ல என்பதுதான் என் பதில். சர்க்கரைத் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்தால் பாறையாகிறது. ஊர்ப்பக்கம் சைக்கிள் பெட்டியில் வரும் குச்சி ஐஸ் அதுதான். கடித்தால் பல் கூசும். ஐஸ்கிரீமிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் மிகச் சிறிய படிகங்களாக உறைந்திருக்கிறது. படிகம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போனால் நாக்கு அதை மணல் போல் உணரும். அதற்குக் கீழே இருந்தால் வெண்ணெய் போல் இருக்கும். படிகம் வளராமல் இருக்க வேண்டுமானால் வேகமாகக் குளிர வேண்டும், ஓயாமல் கிண்ட வேண்டும், நடுவில் கொழுப்பும் கஞ்சித் தன்மையும் தடுப்புச் சுவர் போல நிற்க வேண்டும். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல. அது கரைந்திருப்பதால் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் உறைவதில்லை, அதனால்தான் கரண்டி இறங்குகிறது. ஆகவே சர்க்கரை வியாதிக்காரருக்கென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது செங்கல்தான். சொட்டு இனிப்பான்கள் நாக்கை ஏமாற்றும், உறைநிலையை ஏமாற்றா. அவர்கள் குறைவாகச் சாப்பிடுவதே வழி.

கொழுப்புக்கு நம்மிடம் தேங்காய் இருக்கிறது. கெட்டியாகப் பிழிந்த முதல் பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. இரண்டாம் பாலோடு கலந்த பிறகும் சட்டம் கேட்கிற 10 சதவீதத்துக்குக் குறையாது. சோயா பால், பாதாம் பால் என்று கடையில் அட்டைப் பெட்டியில் வருவதெல்லாம் இதன் முன்னால் வெறும் தண்ணீர், கொழுப்பு போதாது.

தேங்காய்ப் பாலில் ஒரு குறை, அதன் வாசனை. எது சேர்த்தாலும் கடைசியில் பாயசம் மாதிரியே இருக்கும். "தாத்தா, இது கடை ஐஸ்கிரீம் மாதிரி இல்ல" என்று பேத்தி சொன்னால் அதற்குமேல் முறையீடு கிடையாது. அந்த வாசனையை அடக்க வறுத்த தானியத்தின் மணம் நன்றாக உதவுகிறது. அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது கார்ன்ஃப்ளேக்ஸ்.

காலைச் சீரியல் என்று இங்கே சொல்கிறார்கள். சீரியல் என்றதும் நம் வீடுகளில் இரவு டி.வி.யில் அழுகிற சீரியல்தான் நினைவுக்கு வரும். இது தானியச் சீரியல். 1894ல் அமெரிக்காவில் பேட்டில் க்ரீக் என்ற ஊரின் ஆரோக்கிய நிலையத்தில் கெல்லாக் சகோதரர்கள் நோயாளிகளுக்காக வேகவைத்த கோதுமையை உருளையில் விட்டு அவல் போல் தட்டினார்கள். பிறகு சோளம் வந்தது. 1906ல் தம்பி அதற்கென்று கம்பெனி தொடங்கினார். நம் ஊருக்கு அந்தக் கம்பெனி வந்தது 1994ல். தொழிற்சாலை பக்கத்தில் தலோஜாவில். அதற்கு முன்பே மோகன் மீக்கின் கார்ன்ஃப்ளேக்ஸ் கிடைத்ததுண்டு. ஆறிய பாலில் மொறுமொறுவென்று சாப்பிட வேண்டியதை நம் மக்கள் கொதிக்கிற பாலை ஊற்றிக் கூழாக்கிச் சாப்பிட்டார்கள் என்று கம்பெனிக்கு வருத்தம். ஆனால் ஐஸ்கிரீமுக்கு அந்தக் கூழாகும் குணமே நன்மை. தானியத்தின் மாவுச்சத்து பாலில் இறங்கிக் கெட்டிப்படுத்துகிறது.

தானியத்தை ஊறவைத்த பாலுக்கு என்று ஒரு தனிச் சுவை உண்டு. கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் தீர்ந்தபின் அடியில் மிஞ்சும் பாலைக் குழந்தைகள் தூக்கிக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கில் கிறிஸ்டினா டோசி என்ற அம்மையார் 2008ல் திறந்த மில்க் பார் என்ற கடை அந்த அடிப்பாலைக் கொண்டே ஐஸ்கிரீம் செய்து பெயர் வாங்கியது. அமெரிக்காவில் புதுமை, நமக்கு அவ்வளவு புதிதல்ல. ஊரில் சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

சீரியல் பெட்டியையும் பின்பக்கம் படித்துத்தான் வாங்க வேண்டும். சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸில் சோளம், சர்க்கரை, உப்பு, மால்ட் என்று இருக்கும், பால் இருக்காது. சாக்லேட் பூசிய ரகங்களில் பால் பவுடர் இருக்கக் கூடும். மால்ட் என்பது பார்லியிலிருந்து வருவது; பால் அலர்ஜிக்குத் தடையில்லை, ஆனால் கோதுமை, பார்லி ஆகாத குழந்தைக்குக் கூடாது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானப் பொடிகளைச் சுவைக்காகச் சேர்க்கலாமே என்று தோன்றும். அவற்றில் பால் பவுடர் உண்டு. பிள்ளைக்கென்று பாடுபட்டுச் செய்துவிட்டுக் கடைசிக் கரண்டியில் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கலவை

ஆறு பேருக்கான அளவு சொல்கிறேன். நடுத்தரத் தேங்காய் 2, கார்ன்ஃப்ளேக்ஸ் 75 கிராம், சர்க்கரை 120 கிராம், கார்ன் ஃப்ளோர் 1 மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. நல்ல முற்றிய தேங்காய் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் நம் தாராவி 90 அடி ரோட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆட்டிப் பார்த்துத் தண்ணீர் சத்தம் கேட்கிறதைத்தான் வாங்க வேண்டும். கொப்பரை வாடை அடித்தால் ஐஸ்கிரீமிலும் அடிக்கும்.

தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்தால் முதல் பால் 400 மில்லி வர வேண்டும். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் பால் 300 மில்லி எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

கார்ன்ஃப்ளேக்ஸை எண்ணெய் இல்லாத வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடி போட்டால் மணம் போதாது. வறுத்ததைச் சூடான இரண்டாம் பாலில் போட்டு இருபது நிமிடம் ஊறவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். இங்கே ஒரு பொறுமை தேவை. துணியை லேசாக அழுத்தினால் போதும். முறுக்கிப் பிழிந்தால் மாவெல்லாம் இறங்கி ஐஸ்கிரீம் பசை போல் வாயில் ஒட்டும். கார்ன்ஃப்ளேக்ஸ் பாலைக் குடித்துவிடுவதால் 200 மில்லி அளவுதான் திரும்பக் கிடைக்கும். வடிகட்டிய சக்கையை வீணாக்க வேண்டாம், வெல்லம் போட்டுக் கிளறினால் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள்.

வடிகட்டிய பாலில் சர்க்கரை, உப்பு, கார்ன் ஃப்ளோரைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். கஞ்சி பதத்துக்குக் கெட்டியானதும் இறக்கி, சற்று ஆறவிட்டு, முதல் பாலை ஊற்றிக் கலக்க வேண்டும். முதல் பால் ஊற்றியபின் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். இதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுவீட்டுச் சொதி வைக்கத் தெரிந்த எந்த அத்தையைக் கேட்டாலும் இந்தப் பாடத்தைச் சொல்லிவிடுவார்.

கலவையை மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு மணி நேரமாவது வைக்க வேண்டும். சூட்டோடு உறைய வைக்கப் போனால் ஐஸ்தான் வீணாகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையக் கூடியது (மார்கழி மாதத்தில் ஊரில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைப்பது நினைவிருக்கும்), ஆகவே எடுக்கும்போது மேலே வெள்ளை ஆடை கட்டியிருக்கும். மத்தால் நன்றாக அடித்துக் கரைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஐஸும் உப்பும்

இங்கேதான் என் தொழில் வருகிறது. கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். அதன் மேலறையில் கலவையை வைத்தால் உறைவதற்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். வெறும் ஐஸில் தூக்கை வைத்தாலோ எத்தனை மணி நேரமானாலும் உறையவே உறையாது. ஐஸ் உருகும்போது 0 டிகிரியிலேயே நிற்கும். சர்க்கரை கலந்த நம் கலவையோ 0 டிகிரிக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே போனால்தான் உறையவே தொடங்கும்.

ஐஸில் கல் உப்பைப் போட்டால் நிலைமை மாறுகிறது. உப்பே குளிர்ச்சியான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உப்புத் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, ஆகவே உப்பு பட்ட ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயும் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. வேறு எங்கிருந்தும் கிடைக்காததால் தன்னிடமிருந்தும் தூக்கிலிருந்தும் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இப்படியே இறங்கி, ஏறத்தாழ மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் மைனஸ் 21 டிகிரி வரை போகும். அதற்குமேல் எவ்வளவு உப்புப் போட்டாலும் கூடுதல் குளிர் கிடையாது. வீட்டு வாளியில் மைனஸ் 12, 15 கிடைத்தாலே நமக்குத் தாராளம்.

இது புதிய வித்தை அல்ல. அக்பர் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிரவைத்ததை அபுல் ஃபஸல் எழுதிவைத்திருக்கிறார். கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1843ல் காப்புரிமை பெற்றார். மும்பையில் அதைச் சஞ்சா என்பார்கள். பேண்டி பஜார் போரி மொஹல்லாவில் 1887 முதல் நடக்கும் தாஜ் ஐஸ்கிரீம் கடை சஞ்சாவில் கையால் சுற்றுவதற்கே பெயர் போனது. தெருவில் வரும் குல்ஃபிக்காரரின் பானைக்குள்ளும் ஐஸும் உப்பும்தான். குல்ஃபியைக் கிண்டுவதில்லை, பாலையே பாதிக்கு மேல் சுண்டக் காய்ச்சித் தண்ணீரைக் குறைத்துவிடுவதால் படிகத் தொல்லை இல்லை. தேங்காய்ப் பாலை அப்படிச் சுண்டக் காய்ச்ச முடியாது என்பதால் நமக்குக் கிண்டுவது கட்டாயமாகிறது.

ஐஸை நம்பி ரயிலே ஓடியிருக்கிறது. பம்பாயிலிருந்து பெஷாவர் வரை போன ஃபிரான்டியர் மெயிலில் 1934ல் குளிர்சாதனப் பெட்டி வந்தபோது, தரைக்கு அடியில் ஐஸ் பாளங்களை அடைத்து அதன் வழியாகக் காற்றை ஊதித்தான் குளிரூட்டினார்கள். வழியில் குறித்த ஸ்டேஷன்களில் ஐஸ் மாற்றுவார்கள். இன்று வீட்டுக்கு "ஒன்றரை டன் ஏ.சி." வாங்குகிறோமே, அந்த டன் ஏ.சி.யின் எடை அல்ல. 2,000 பவுண்டு ஐஸ் ஒரு நாளில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த அளவுக்குப் பெயர்தான் ஒரு டன். ஐஸ் போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது.

நம் கணக்கையும் பார்த்துவிடலாம். 700 கிராம் கலவையை 8 டிகிரியிலிருந்து மைனஸ் 6 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதன் தண்ணீரில் பாதியை உறைய வைக்க ஏறத்தாழ 26 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் 80 கிலோ கலோரி எடுக்கும் என்பதால் காகிதத்தில் மூன்றில் ஒரு கிலோ ஐஸ் போதும். நடைமுறையில் வாளியும் அறையின் வெக்கையும் தின்றுவிடும். மே மாத மும்பையில் கேட்கவே வேண்டாம். 3 கிலோ ஐஸ், முக்கால் முதல் ஒரு கிலோ கல் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வாங்கும்போது ஒரு செய்தி. 2018 முதல் மகாராஷ்டிராவில், சாப்பிடத் தகாத ஐஸை நீல நிறம் கலந்து விற்க வேண்டும் என்று உணவு மருந்து நிர்வாகம் விதித்திருக்கிறது. மீன் பெட்டிக்கும் சாமான்களுக்கும் போடுவது அந்த நீல ஐஸ். தூக்குக்கு வெளியே போடுவதற்கு அது போதும், விலையும் மலிவு. ஆனால் துளியும் உள்ளே போகக் கூடாது. மனத்தில் சந்தேகம் வந்தால் நிறமில்லாத ஐஸையே வாங்கிவிடுங்கள்.

இனி வேலை. ஐஸைச் சாக்கில் போட்டுக் குழவியால் தட்டிப் புளியங்கொட்டை, பாக்கு அளவுக்கு உடைக்க வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் தூக்கின் சுவரோடு ஒட்டி நிற்காது. வாளியின் அடியில் ஒரு கை ஐஸ் பரப்பி அதன்மேல் தூக்கை வைத்து, சுற்றிலும் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை உப்பு என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தூக்கில் முக்கால் பாகத்துக்கு மேல் கலவை வேண்டாம். கிண்டும்போது காற்று ஏறி உப்பும். ஐஸ் மட்டம் தூக்கின் மூடிக்கு இரண்டு விரற்கடை கீழேயே இருக்கட்டும். பித்தளையோ எவர்சில்வரோ எதுவானாலும் உலோகப் பாத்திரம்தான் வேண்டும். பிளாஸ்டிக் டப்பா குளிரை உள்ளே விடாது. வாளி மட்டும் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது, அதே காரணத்துக்காக. வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு.

தூக்கின் பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, சுவரில் ஒட்டி உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்க வேண்டும். திறக்கும் முன் மூடியையும் விளிம்பையும் துணியால் துடைத்தே ஆக வேண்டும். ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் உள்ளே விழுந்தால் மொத்தமும் போயிற்று. பிள்ளைகள் சுற்ற ஆசைப்படுவார்கள், சுற்றட்டும். ஆனால் கையை உப்பு ஐஸுக்குள் விடவிடாதீர்கள். அந்தக் குளிர் தோலைச் சுட்டுவிடும். பிடியிலும் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

இருபத்தைந்து நிமிடத்தில் தோசை மாவு பதம் தாண்டி, கரண்டி நிற்கிற பதம் வரும். அதற்குமேல் சுற்றக் கூடாது. தேங்காய்க் கொழுப்பு சீக்கிரம் திரள்வது. விட்டால் வெண்ணெய் போலக் குருணை குருணையாகப் பிரியும். கடை ஐஸ்கிரீமில் பாதி அளவு காற்றாகவே இருக்கக் கூடும், மிஷின் அப்படி அடிக்கிறது. லிட்டர் கணக்கில் விற்கிறவர்களுக்கு அது லாபமும்கூட. நம்முடையது காற்று குறைந்து கனமாக இருக்கும். ஒரு கப் சாப்பிட்டால் வயிறு நிறையும்.

இந்தப் பதத்தில் அப்படியே சாப்பிடலாம். கெட்டியாக வேண்டுமென்றால் உருகிய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டு, புது ஐஸும் உப்பும் போட்டுச் சாக்கால் மூடி ஒரு மணி நேரம் விடலாம், அல்லது ஃபிரிட்ஜ் மேலறையில் வைக்கலாம். மேலே தூவ மொறுமொறுப்பு வேண்டுமானால் ஒரு கை கார்ன்ஃப்ளேக்ஸை ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் விட்டுப் புரட்டி வறுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பூச்சு ஈரத்தை உள்ளே விடாது. பரிமாறும்போதுதான் தூவ வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அதிகம் செய்வது கார்ன்ஃப்ளேக்ஸ்கூட இல்லை. "மாமா, நம்ம கேழ்வரகு மாவுல செஞ்சா என்ன?" என்று மருமகள் கேட்டாள். கேழ்வரகும் காலை உணவுத் தானியம்தானே! முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி வறுத்து அரைத்த மாவு மூன்று மேஜைக்கரண்டி, இரண்டாம் பால் 300 மில்லி. கரைத்து ஐந்தாறு நிமிடம் காய்ச்சி நைலான் சல்லடையில் வடிகட்ட வேண்டும். கார்ன் ஃப்ளோர் தேவையில்லை, கேழ்வரகே கட்டிக்கொள்ளும். முளைகட்டும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் கஞ்சி பசையாகாமல் இளகி நிற்கிறது; முளைகட்டாத மாவில் அந்த இளக்கம் வராது. சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி 130 கிராம் பொடித்து, சிறிது தண்ணீரில் கரைத்து, மண் இல்லாமல் வடிகட்டிச் சேர்க்கலாம். சுக்கு ஒரு சிட்டிகை. மற்றதெல்லாம் முன்பு சொன்ன மாதிரியே. நிறம் சாக்லேட் நிறமாக வருவதால், விருந்துக்கு வந்த பிள்ளைகள் சாக்லேட் என்று எண்ணியே வாங்கிக்கொள்கிறார்கள். கடையிலிருந்து வந்த கப் மிஞ்சுகிறது.

ஃப்ரீசரில் நான்கைந்து நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். கடைச் சரக்கில் படிகம் வளராமலிருக்கப் பல பொடிகள் சேர்க்கிறார்கள். நம்மிடம் அது இல்லை, நாளாக ஆக நறநறக்கும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியில் எடுத்துவைத்தால் கரண்டி இறங்கும். அலர்ஜி உள்ள பிள்ளைக்கென்று செய்யும்போது மிக்ஸி ஜாடி, மத்து, வடிகட்டும் துணி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எடுக்க வேண்டும். தயிர் கடைந்த மத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்துவது ஆகாது.

மிஞ்சிய உப்புத் தண்ணீரைத் துளசிச் செடிக்கோ வாசலில் நிற்கும் சைக்கிள் பக்கமோ ஊற்றிவிடாதீர்கள். உப்பு இரும்பைத் தின்னும். மீன் கூடைகளிலிருந்து ஒழுகும் உப்பு நீர் பெட்டியின் அடிச்சட்டத்தையும் தண்டவாளத்தையும் அரித்துவிடும் என்பதால்தான் ரயிலில் மீன் பார்சலை ஒழுகாமல் கட்டி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். மோரியில் ஊற்றி, பின்னாலேயே இரண்டு குவளை நல்ல தண்ணீர் விட்டுவிடுங்கள். தூக்கையும் அன்றே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். உப்புப் பட்டு இரவு முழுக்கக் கிடந்தால் எவர்சில்வரிலும் புள்ளி விழும்.